நங்கூரம் இலவசம், கரையேறத்தான் காசு

படகையே வீடாக்கிக்கொண்டு கடல் சுற்றுகிறவர்கள் தென்னிந்தியாவில் நம்பி ஒதுங்கும் இடம் கொச்சிக் காயல். அதை விட்டால் அடுத்தது எது என்ற கேள்விக்கு இரு கரையிலும் பதில் இல்லை.

மார்கழி பிறந்துவிட்டால் எலப்புள்ளியின் பனைமரங்களுக்கு ஓய்வு கிடையாது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து புறப்படும் கீழ்க்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயில் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும். ஓலைகள் சடசடக்கும், புழுதி பறக்கும். எலப்புள்ளிக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தக் காற்றுக்கு உண்டு. பொன்னானிக்கு அப்பால் அது அரபிக்கடலில் இறங்கும்போது, அதை நம்பிப் பாய் விரிக்கச் சிலர் காத்திருப்பார்கள். கொச்சியில் நங்கூரம் தூக்கி, வடக்கே கோவாவுக்கோ மேற்கே ஓமன் நாட்டு சலாலாவுக்கோ போகிற பாய்மரப் படகுக்காரர்கள்.

இவர்கள் பந்தயக்காரர்கள் அல்ல. பெரும் பணக்காரர்களும் அல்ல. ஓய்வூதியத்தில் வாழும் தம்பதிகள், வீட்டை விற்றுப் படகு வாங்கியவர்கள், பள்ளிப் பிள்ளைகளோடு கடலேறிவிட்ட குடும்பங்கள். முப்பத்தைந்து, நாற்பது அடி நீளப் படகு. உள்ளே இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, குடிநீர்த் தொட்டி, கூரையில் சூரிய ஒளித் தகடு. தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி ஆகிய இடங்களிலிருந்து ஜனவரியை ஒட்டிக் கிளம்பி, இலங்கையின் காலியைத் தொட்டு, மாலத்தீவு வழியாகவோ கொச்சி வழியாகவோ செங்கடலுக்குப் போவது இவர்களுடைய பழைய தடம். காற்றுக்குக் காசு இல்லை, கடலுக்கு வாடகை இல்லை. செலவெல்லாம் நிற்கும்போதுதான்.

நிற்பதற்கு மூன்று வழி உண்டு. மலிவானது சொந்த நங்கூரம். நீரின் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலியை விட்டால் படகு பிடித்து நிற்கும். காற்று பலத்தால் ஏழு மடங்கு. படகு ஒரு வட்டத்துக்குள் சுழன்றுகொண்டிருக்கும் என்பதால் இடம் நிறைய வேண்டும். இரண்டாவது, கடலடியில் நிரந்தரமாகப் புதைத்த பாரத்தோடு இணைத்த மிதவை. கயிற்றை மாட்டிவிட்டுத் தூங்கலாம், அதற்கு வாடகை. மூன்றாவது மரினா. மிதக்கும் நடைமேடையில் படகைக் கட்டிவிட்டுச் செருப்புப் போட்டுக்கொண்டு கரைக்கு நடக்கலாம். தண்ணீர்க் குழாய், மின்சாரம், காவல் எல்லாம் உண்டு. கட்டணம் படகின் நீளத்துக்கு இத்தனை என்று நாள் கணக்கில் ஏறும். இரட்டை உடல் கொண்ட காட்டமரான் என்றால் பல இடங்களில் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. பெயரைக் கொடுத்தது நம் கட்டுமரம். அதற்கு அபராதம் போட்டவர்கள் வேறு யாரோ.

மரினா என்றதும் தமிழருக்கு ஞாபகம் வருவது சுண்டலும் சிலைகளும். அந்த மெரினாவில் படகு கட்ட முடியாது. அலை திருப்பிப் போட்டுவிடும். அசல் மரினா, அதுவும் வெளிநாட்டுப் படகுகளை எதிர்பார்த்துக் கட்டியது, தெற்கே ஒன்றுதான் சொல்லும்படி இருக்கிறது: கொச்சி போள்காட்டித் தீவில், கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 2010ல் திறந்தது. கட்டுமிடங்கள் 37.

கொச்சிக்கு இந்த யோகம் வந்ததற்குக் காரணம் ஒரு மணல்திட்டும் அதை உடைத்த ஒரு பொறியாளரும். 1920ல் வந்து சேர்ந்த ராபர்ட் பிரிஸ்டோ, காயலின் வாயை அடைத்துக் கிடந்த திட்டை வெட்டிக் கால்வாய் ஆழப்படுத்தினார். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பியதுதான் வில்லிங்டன் தீவு. அன்று கப்பல்களுக்காகச் செய்த வேலை சின்னப் படகுகளுக்கும் வரமாயிற்று. மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று கடலைக் கொந்தளிக்கவிடும்போது, எந்த நேரத்திலும் உள்ளே வந்து சுற்றிலும் நிலம் சூழ நிற்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியா எதிரே மிதவைகளில் ஆடும் உல்லாசப் படகுகள் மழைக்காலத்துக்கு முன் தண்ணீரைவிட்டே வெளியேற்றப்படுகின்றன. அந்த நங்கூரமிடம் அவ்வளவு திறந்த வெளி. கொச்சியில் படகு தண்ணீரிலேயே கிடக்கலாம்.

உள்ளே வருவது ஒரு காட்சி. வலது கையில் ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள், இடது கையில் வைப்பின் தீவு, நடுவே எதிரும் புதிருமாகப் பாய்ந்து போகும் பயணிப் படகுகள், மீன்பிடி விசைப்படகுகள், பின்னால் வல்லார்பாடம் முனையத்துக்குப் போகும் கண்டெய்னர் கப்பல். வில்லிங்டன் தீவின் முனையில் 1935லிருந்து நிற்கும் மலபார் ஹோட்டலுக்கு எதிரே நங்கூரமிட்டுச் சுங்கம், குடியேற்றம், துறைமுகம் என்று காகிதங்களை முடித்துவிட்டு, போள்காட்டி அரண்மனைப் பக்கம் நகர்ந்து நிற்பது நெடுங்கால வழக்கம். 1744ல் டச்சுக்காரர்கள் கட்டிய அந்த மாளிகை இப்போது அரசு ஹோட்டல். சின்ன ரப்பர் படகில் துடுப்புப் போட்டால் கரை. அங்கிருந்து எர்ணாகுளம் சந்தை கைக்கெட்டும் தூரம். 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் இருபது ரூபாய். நகரத்தின் நடுமத்தியில், ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டும் அதே காயல் காட்சியைப் பார்த்தபடி, வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். உலகத் துறைமுகங்களில் இப்படி எத்தனை மிஞ்சியிருக்கின்றன?

ஆனால் ஒரு சிக்கல். நங்கூரத்தில் நிற்கும் படகை விட்டுவிட்டு மூணாறு பார்க்கப் போக முடியாது. ராத்திரி நீரோட்டம் திரும்பும். மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து தள்ளும் ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாகச் சங்கிலியில் சிக்கி, ஒரு வயல் அளவு பாரமாகி, நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே யாராவது ஒருவர் படகில் இருந்தே தீரவேண்டும். ஊர் சுற்ற, ஆஸ்பத்திரிக்குப் போக, தாய்நாட்டுக்கு ஒரு நடை போய்வர, கட்டுமிடம் தேவை. மரினா தேவைப்படுவது அதற்குத்தான், சொகுசுக்கு அல்ல.

மரினாவுக்கும் ஒரு பகை உண்டு, சேறு. காயலில் அலையும் ஓட்டமும் இல்லாத மூலை எதுவோ அங்கே வண்டல் வந்து உட்காரும். துறைமுகக் கால்வாயையே ஓயாமல் தூர்வாரித்தான் காப்பாற்றுகிறார்கள். நாற்பதடிப் பாய்மரப் படகுக்கு அடியில் ஏரா, அதாவது கீல், ஆறடி வரை இறங்கியிருக்கும். நீர் வற்றும் நேரத்தில் அது சேற்றில் குத்திக்கொள்ளும். ஒரு மரினாவைத் திறப்பது ஒருநாள் விழா. தூர்வாருவது ஆண்டுதோறும் வரும் செலவு. இந்தியாவில் எதற்குப் பணம் ஒதுக்குவார்கள் என்பது வாசகருக்குத் தெரியாததல்ல.

'பக்கத்திலேயே தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் வேம்பநாட்டுக் காயல் நீண்டு கிடக்கிறதே, அங்கே போய் நிற்கட்டுமே' என்று தோன்றலாம். 1993ல் அறிவித்த மூன்றாவது தேசிய நீர்வழி அதன் ஊடாகத்தான் போகிறது. ஆனால் அது சரக்குத் தோணிக்கும் கெட்டுவள்ளத்துக்கும் உரிய வழி. இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் திட்டமிட்டது. நாற்பதடிப் படகின் பாய்மரம் நீர்மட்டத்திலிருந்து ஐந்தாறு மாடி உயரம். குறுக்கே பாலங்கள், மின்கம்பிகள். கெட்டுவள்ளம் குனிந்து போய்விடும், பாய்மரம் குனியாது. ஆக, இந்தியாவின் மிக நீளமான ஏரியின் வாசலில் வந்து நிற்கும் பாய்மரப் படகு அந்த வாசலோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

தண்ணீரை விடக் கடினமானது காகிதம். பக்கத்துத் துறைமுகத்துக்கு நகர்ந்தாலும் வெளிநாட்டுப் படகு மறுபடி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சரக்குக் கப்பலுக்கு எழுதிய படிவங்களையே இரண்டு பேர் உள்ள படகும் நிரப்புகிறது. இணைய விசாவோடு வருகிறவர்களுக்கு கொச்சி, கோவா, மங்களூர், மும்பை, சென்னை என்று சில துறைமுகங்களே நுழைவாயில். அந்த விசாவில் ஒரே மூச்சில் தங்கும் கெடு பல நாட்டவருக்கு 90 நாள், சிலருக்கு 180. கடலின் பஞ்சாங்கம் இதற்கு ஒத்துவராது. பிப்ரவரியில் வந்தவருக்கு மே மாதம் கெடு முடியும்போது எதிரே மழைக்காலம் நிற்கும்.

இதில் சாட்டிலைட் போன் தனிக் கதை. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் வந்தது கடல்வழி, கடத்திய மீன்பிடிப் படகில். அதன் பிறகு கரையோரம் எல்லாப் படகும் சந்தேகத்துக்குரியது ஆயிற்று. நடுக்கடலில் உயிர் காக்கும் துராயா, இரிடியம் கருவிகளை இந்தியாவுக்குள் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கையில் வைத்திருந்து வழக்கில் மாட்டிய வெளிநாட்டவர் உண்டு. தாக்குதல் நடந்த நாட்டில் கெடுபிடி இருப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கருவியை முத்திரையிட்டு வைத்துப் புறப்படும்போது திருப்பித் தரும் ஒரு எளிய ஏற்பாட்டுக்குப் பெரிய மூளை தேவையில்லை.

மும்பைச் சம்பவம் நடந்த அடுத்த மாதமே கொச்சிக்கு ஒரு விழா வந்தது. 2008 இறுதியில் வோல்வோ உலகப் பாய்மரப் பந்தயம் கேப்டவுனிலிருந்து நேரே கொச்சிக்கு ஓடி வந்தது. அந்தப் பந்தயம் இந்தியாவில் நின்றது அதுவே முதல் தடவை. மரினாவுக்கு ஆசை பிறந்த காலம். கடைசியில் மரினா திறந்தபோது படகுகள் வரும் வழியே அடைபட்டுப் போயிருந்தது. சோமாலியக் கொள்ளையர்கள் அரபிக்கடலின் நடுப்பகுதி வரை வந்துவிட்டார்கள். மும்பையிலிருந்து ஓமனுக்குப் புறப்பட்ட 'குவெஸ்ட்' என்ற பாய்மரப் படகைப் பிடித்தார்கள்; அதிலிருந்த நான்கு அமெரிக்கர்கள் 2011 பிப்ரவரி 22 அன்று கொல்லப்பட்டார்கள். செங்கடல் தடம் வெறிச்சோடியது. பலர் படகைச் சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள், சிலர் ஆப்பிரிக்காவைச் சுற்றினார்கள். கொள்ளை அடங்கிப் படகுகள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தபோது, 2023 இறுதியில் ஹூத்திகளின் ஏவுகணைகள் அதே வழியை மறுபடி கலக்கின.

இந்த வரவு குறைந்தால் அரசாங்கத்துக்கு ஒன்றும் குறையாது. குறைவது டீசல் கேனைத் தோளில் சுமந்து வரும் பையனுக்கும், பாய் கிழிந்தால் தைத்துக் கொடுக்கும் தையல்காரருக்கும், வெல்டிங் பட்டறைக்கும், சலவைக்காரருக்கும். படகுவாசி ஹோட்டலில் தங்குவதில்லை, டாக்சி பிடிப்பதில்லை, ஆகவே சுற்றுலாக் கணக்கில் அவர் ஏழை விருந்தாளி. ஆனால் அவர் மாதக்கணக்கில் இருந்து, தினமும் சந்தையில் வாங்கிச் சமைக்கிறவர்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? மலேசியாவின் லங்காவி 1987ல் வரியில்லாத் தீவானது. குவா ஊருக்கு எதிரே நங்கூரம் போட வாடகை கிடையாது. மரினா வேண்டுவோருக்கு மரினா. இரண்டும் அருகருகே இருப்பதால் படகுகள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன, பட்டறைகள் பிழைக்கின்றன. இலங்கையில் காலித் துறைமுகத்துக்கு முகவர் வைத்துத்தான் நுழைய வேண்டும். புலிகள் 2006 அக்டோபரில் அங்கே கடற்படைத் தளத்தைத் தாக்கினார்கள். அந்தக் காலத்தில் நீந்தி வருவோரைத் தடுக்கக் கடற்படை இரவில் நீருக்குள் வெடி போடும், பக்கத்தில் தூங்கும் படகுக்காரர் தூக்கிவாரிப் போட்டு எழுவார். 2009க்குப் பின் திருகோணமலையும் படகுகளுக்குத் திறந்தது. நம் ராமேஸ்வரத்திலிருந்து அது ஒன்றும் தொலைவில்லை.

இலவச நங்கூரங்கள் எங்கும் சுருங்கித்தான் வருகின்றன. இந்துமாக்கடலின் நடுவே சாகோஸ் தீவுகளில் ஒரு காலத்தில் படகுகள் மாதக்கணக்கில் நின்றன. பிறகு பிரிட்டன் முன் அனுமதி, கட்டணம், 28 நாள் கெடு என்று இறுக்கியது. அந்தத் தீவுகளின் சொந்த மக்களை அதே பிரிட்டன் 1968க்கும் 1973க்கும் இடையே ஒட்டுமொத்தமாக வெளியேற்றியிருந்தது. ஊர்க்காரர்கள் திரும்ப முடியாத கரையில் அந்நியர்கள் துணி உலர்த்தினார்கள். பிரிட்டனுக்குள்ளேயே, நிலையான கட்டுமிடம் இல்லாமல் கால்வாய்ப் படகில் வசிப்பவர் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்கிறது 1995ம் ஆண்டுச் சட்டம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவை அடுத்த ரிச்சர்ட்சன் விரிகுடாவில் பல பத்தாண்டுகளாக நங்கூரத்திலேயே குடியிருந்தவர்களை 2026 அக்டோபருக்குள் அகற்றுவதென்று 2021ல் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே சொன்ன காரணம் கடற்புல். சங்கிலிகள் அதை அரைத்துவிடுகின்றன. கரையில் வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போன ஊர்களில்தான் தண்ணீரில் குடியேறுகிறவர்கள் பெருகுகிறார்கள். நில உடைமைக்காரருக்கு இந்தக் காட்சி பிடிப்பதுமில்லை.

தமிழ்நாட்டுக் கரைக்கு வருவோம். பள்ளிப் பாடத்தில் 7,516 கிலோமீட்டர் என்றிருந்த இந்தியக் கடற்கரை, புதிய அளவீட்டில் 11,098 ஆகியிருக்கிறது. அளவு கூடியது, ஒதுங்குமிடம் கூடவில்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911ல் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. உறுப்பினர்களின் சங்கம் அது, வழிப்போக்கர் சத்திரம் அல்ல. புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று வாய் மணலோடு முடிவில்லாத மல்லுக்கட்டில் இருக்கிறது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலேறும். ஆழம் கொள்ளக்கூடிய சின்னப் படகுகள் இலங்கையைச் சுற்றாமல் அந்த இடுக்கில் புகுந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகலாம். பாலம் தூக்கும்வரை காத்திருக்க ஒரு மிதவை போட்டு வைத்தாலே பெரிய உதவி.

தெற்கே சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம். இவை மீனவர் துறைமுகங்கள். அவர்களுக்கே இடம் போதவில்லை என்னும்போது பொழுதுபோக்குப் படகுக்கு இடம் கேட்பது அநியாயம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கலக்கியபோது, உயிர் தப்பிய படகுகள் லட்சத்தீவு, கோவா, குஜராத் வரை போய் ஒதுங்கின. ஆபத்தில் ஓடி ஒளிய அருகருகே வாய் திறந்த, ஆழமுள்ள துறைகள் வேண்டும் என்பது முதலில் மீனவனின் தேவை; படகுவாசிக்குக் கிடைப்பது அதன் மிச்சம். விழிஞ்ஞத்தில் பழைய மீன்பிடித் துறைமுகம் ஒரு காலத்தில் பாய்மரப் படகுகளுக்கும் இளைப்பாறும் இடம். இப்போது பக்கத்தில் ராட்சதக் கப்பல்கள் வரும் ஆழ்கடல் துறைமுகம். 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். அத்தனை நீள அலைதடுப்புச் சுவரின் ஒரு மூலையில் பத்து மிதவைக்கு இடம் ஒதுக்குவது செலவல்ல, நினைப்புத்தான் வரவேண்டும்.

வெளிநாட்டுக்காரருக்கு எதற்கு இத்தனை கரிசனம் என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து இரண்டு பெண்கள் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். கடற்படை அதிகாரிகள்: கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. படகு 'தாரிணி', 56 அடி, கோவாவிலேயே கட்டியது. ஃபிரிமேண்டல், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் என்று நின்று, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். 'தாரிணி'க்குக் கோவாவில் கடற்படையின் துறை இருக்கிறது, காவல் இருக்கிறது, கட்டணம் இல்லை.

அவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, புதுச்சேரி இளைஞர் ஒருவர் சொந்தமாக ஒரு பழைய முப்பதடிப் படகு வாங்கி அதிலேயே வசிக்க முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவிகிதம். சட்டத்தின் கண்ணில் கோடீஸ்வரரின் மிதக்கும் மாளிகையும் இதுவும் ஒரே ரகம். வாங்கிவிட்டாலும் சொந்த ஊரில் கட்ட வசதியான துறை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும் கரை அது. புயல் மாதங்கள் போனபின் வாடைக் காற்றைப் பிடித்துத் தெற்கே இறங்கி, பாம்பன் ஆழம் ஒத்துவந்தால் அதன் வழியாகவும் இல்லையென்றால் இலங்கையைச் சுற்றியும் குமரி முனை தாண்டி, அவரும் கடைசியில் போள்காட்டிக்குத்தான் போய்ச் சேரவேண்டும். மே மாத நடுவுக்குள் போய்விடுவது நல்லது. ஜூன் முதல் வாரத்தில் இடவப்பாதி பிடித்துக்கொள்ளும். எலப்புள்ளிப் பனைகளும் அப்போது மறுபக்கம் சாயும்.